பாட்டி பிறந்த ஊர்

எங்கள் மலையூரான கம்போங் ராஜாவில் மழை இறங்கினால் முதலில் மலை மறையும். அப்புறம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், அப்புறம் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை. கடைசியில் சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சியும், அதன் முன்னால் ஆவி பறக்கும் தே தாரிக் குவளைகளும் மட்டும்தான் உலகம் என்று ஆகிவிடும். 2025 ஜூன் 10 இரவு அப்படித்தான் இருந்தது. புக்கிட் ஜாலில் அரங்கில், ஆசியக் கோப்பைக் காற்பந்தின் தகுதிச் சுற்றில், மலேசியா வியட்நாமை 4-0 என்று அடித்தது. 2014 டிசம்பருக்குப் பிறகு அதுவரை வியட்நாமை நாங்கள் ஜெயித்ததே இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் பிகேரெடோ முதல் கோலை அடித்தபோது என் முழங்கை பட்டுக் குவளை சரிந்து, பக்கத்து மேசை நேப்பாளத் தொழிலாளியின் மடியில் கொட்டியது. அவர் துள்ளி எழுந்தார். எழுந்தவர் திரையைப் பார்த்ததும் என்னோடு சேர்ந்து கத்தினார். ஹொல்காடோ இரண்டாவதை அடித்தபோது கடைக்காரர் பரோட்டாக் கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். பரோட்டா கருகிய வாசனைதான் அந்த இரவின் வாசனையாக என்னிடம் தங்கியிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிமேல் எழுதப்போவதெல்லாம், எனக்கு முன்பே ஏதோ நெருடியது போலவும் நான் அன்றே தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலவும் ஒலிக்கும். எனக்கு எதுவும் நெருடவில்லை. அந்த ஆட்டக்காரர்கள் மூன்று மாதங்களுக்கு முன் இந்த நாட்டின் பெயரைக் கேட்டிருப்பார்களா என்றுகூட நான் யோசிக்கவில்லை. தொண்டை கட்டியது, வீட்டுக்கு வந்து இஞ்சி தட்டிப் போட்டு வெந்நீர் குடித்தேன், நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. செப்டம்பர் 26 அன்று, போலிப் பத்திரங்களைக் காட்டியதாகத் தண்டனை வந்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தலா 2,000 பிராங்கும் பன்னிரண்டு மாதத் தடையும். சங்கம் இதைத் தொழில்நுட்பப் பிழை என்றது. நவம்பர் 3 அன்று மேல்முறையீடும் தள்ளுபடியாகி, விவகாரம் லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. இவ்வளவும் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைக்கக்கூடிய விஷயம்தான். லஞ்சமும் பேரமும் எங்கள் காற்பந்துக்குப் புதிதல்ல. 1994-ல் லீக் ஆட்டங்களை விலைபேசியதற்காக எத்தனை பேர் பிடிபட்டார்கள், எத்தனை பேர் ஆட்டத்தை விட்டே துரத்தப்பட்டார்கள் என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நானும் கோபப்பட்டேன், ஒரு வருடம் ஆட்டம் பார்க்க மாட்டேன் என்று சபதம் போட்டேன், மூன்று வாரம் தாங்கினேன். இந்த முறை கோபம் வரவில்லை. கோபத்துக்குப் பதில் வேறொன்று வந்து நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது, மீன் முள் மாதிரி. சோற்று உருண்டையை விழுங்கிப் பார்த்தாகிவிட்டது, இறங்கவில்லை.

அந்த முள்ளின் பெயர் ‘பிறந்த இடம்’. ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆட வேண்டுமானால் அவரோ, தாய் தந்தையரோ, தாத்தா பாட்டியோ அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அவர் ஐந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஏழு பேருக்கும் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகப் பத்திரம் காட்டினார்கள். ஃபிஃபா அந்தந்த நாட்டுப் பதிவேடுகளைத் தேடி எடுத்தது. ஒருவரின் பாட்டி மலாக்காவில் பிறந்ததாகக் காகிதம் சொன்னது. மூலப் பதிவில் அவர் ஸ்பெயினின் சாண்டா குருஸ் தெ லா பால்மாவில் பிறந்தவர். இன்னொருவரின் தாத்தாவும் மலாக்காதான் என்றார்கள். அவர் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்காரர். பினாங்கு என்று எழுதிய இடத்தில் அர்ஜென்டினா இருந்தது, ஜொகூர் என்று எழுதிய இடத்தில் பிரேசில், சரவாக்கின் கூச்சிங் என்று எழுதிய இடத்தில் ஸ்பெயினின் குவெர்னிகா. பிக்காஸோ ஓவியத்தின் குவெர்னிகாவேதான். அந்த ஊரில் பிறந்த ஒரு கிழவரை யாரோ ஒருவர் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து கூச்சிங்கில் பிறக்கவைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் ஜூன் 10 அன்று நான்காவது கோலை அடித்த டியோன் கூல்ஸ் உண்மையாகவே கூச்சிங்கில் பிறந்தவர், பெல்ஜியத்தில் வளர்ந்தவர். அவரைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. இந்த ஊர்ப் பெயர்களை நான் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தபோது, என் பாட்டியின் மைலோ டின் நினைவுக்கு வந்தது.

அந்த டின்னில் அவளுடைய சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, இருந்தது. இந்த நாட்டில் நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரமாக இருக்க மட்டும் அனுமதி பெற்றவருக்கு. வெளியூர்த் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களில் ஒரு தலைமுறைக்கு அது தோல் நிறம் மாதிரி, சொல்லாமலே தெரிந்தது. பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு முன்பே அவள் அப்பாவைச் சயாம் ரயில் போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் திரும்பவில்லை. பிரசவம் பார்த்த கிழவிக்கு எழுதத் தெரியாது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிறையில் இருந்தார், கிராணி எங்கே ஓடினார் என்று தெரியாது. பதிய ஆள் இல்லாத ஒரு காலத்தில் பதியப்படாமல் பிறந்த குழந்தை. அவள் 1957-ல் சுதந்திரத்தைப் பார்த்து, கல்யாணம் ஆகி இந்த மலைக்கு வந்து, கொழுந்துக் கூடை சுமந்து, ஏழு பிள்ளை பெற்று, அதில் நான்கைப் பிழைக்கவைத்து, 1969-க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை அனுமதி கேட்டபோது பக்கத்து லயத்துக் குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறியதைப் பார்த்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘நீ எங்கே பிறந்தாய்’ என்ற கேள்விக்கு மட்டும் காகிதத்தில் பதில் சொல்ல முடியாமல் இருந்தாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கே எழுப்பி, கம்பளிச் சட்டை போட்டு, மலைப்பாதையில் அவள் வாந்தி எடுக்க இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திப் போவோம். மூலச் சான்று வேண்டும் என்பார்கள். இல்லை என்போம். அப்படியானால் பிறந்தபோது கூட இருந்த சாட்சி வேண்டும் என்பார்கள். அந்தச் சாட்சிகளுக்கு அப்போது நூறு வயது ஆகியிருக்கும். நான்காவது முறை திரும்பி வரும்போது பாட்டி கேட்டாள்: “ஏன்யா, நான் பொறந்ததுக்கு நானே உக்காந்திருக்கேனே, அது பத்தாதா?” சிவப்பு அட்டையோடுதான் செத்தாள்.

ஃபிஃபாவின் தீர்ப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தத் தாத்தா பாட்டிகளின் கையெழுத்து மூலப் பதிவுகள் கிடைக்காததால், இரண்டாம்நிலைத் தகவல்களை வைத்துப் பிரதிகள் வழங்கப்பட்டனவாம். அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். மூலம் இல்லை என்பது ஒரு கிழவிக்குச் சுவராகவும் இன்னொரு கிழவிக்கு வாசலாகவும் இருந்திருக்கிறது. அந்த ஆட்டக்காரர்கள் விஷயத்தில் உள்துறை அமைச்சர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தியதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். பத்து ஆண்டுக் குடியிருப்பு என்ற நிபந்தனை தளர்த்தப்பட்டது. விருப்புரிமை. எவ்வளவு அழகான சொல். இந்த மலையில் அந்தச் சொல்லுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இங்கேயே என்னை நானே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டியை உத்தமியாக நிறுத்திவிட்டு, காற்பந்துச் சங்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். தோட்டத்துக்காரர்களுக்குக் காகிதப் பொய் தெரியாதா என்ன? என் அப்பாவின் பிறந்த தேதி பொய். பள்ளியில் சேர்க்க ஒரு வயதைக் கூட்டினார்கள், பெரட்டில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பெயர் ஏற்ற இன்னும் இரண்டைக் கூட்டினார்கள். கிராணிக்கு ஒரு சேவல் போனது. ஓய்வு பெறும் வயதில் அவர் உண்மையான வயதைவிட மூன்று வருடம் மூத்தவராக இருந்தார், அதனால் மூன்று வருடச் சம்பளம் போயிற்று என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா தம் இறந்துபோன அண்ணனின் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், வாழ்ந்தவர். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர், வேலைக் கார்டில் ஒரு பெயர், சாமி கும்பிடும்போது அர்ச்சகரிடம் சொல்ல மூன்றாவது பெயர். அவர் செய்ததும் போலிப் பத்திரம்தானே? இரண்டும் ஒன்றல்ல என்று மனசு உடனே சொல்கிறது. பெரியப்பாவுக்குச் சோறு வேண்டியிருந்தது, சங்கத்துக்கு ஆசியக் கோப்பை வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லும்போதே, நானும் அந்த ஆசியக் கோப்பையை வேண்டியவன்தானே, என் முழங்கை தட்டிய தேநீர் யாருக்காகக் கொட்டியது என்றும் கேட்டுக்கொள்கிறேன். ரசிகன் கேட்காமல் யாரும் பொய் சொல்வதில்லை. வெற்றி வேண்டும், இந்த வருடமே வேண்டும், எப்படி வந்தாலும் சரி என்று கத்திய கூட்டத்தில் என் தொண்டையும் இருந்தது.

இன்னொரு தயக்கமும் உண்டு, இதைவிடக் கஷ்டமானது. விவகாரம் வெடித்ததும் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: அந்நியர்களைக் கொண்டுவந்து ஆடவைத்தார்கள், இந்த மண்ணின் ரத்தம் இல்லாதவர்கள், வந்தேறிகள். கடையில் என் பக்கத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள், தமிழர்களும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொற்களின் மேல் பழைய தழும்பு இருக்கிறது. 2021 அக்டோபரில் பின்லாந்தின் வந்தா நகரில் சுதிர்மான் கோப்பைப் பூப்பந்து அரையிறுதி. ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் எங்கள் கிசோனா செல்வதுரை தோற்றார். யமாகுச்சியிடம் தோற்காத பெண்கள் உலகில் எத்தனை பேர்? சிரம்பான் பெண், 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். அன்றிரவே ஓர் அரசியல் கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர் முகநூலில், எங்களை இழிவாக அழைக்கும் அந்தப் பழைய சொல்லைப் போட்டு, இவளை எந்த எஸ்டேட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டார். நாடு கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார், ஓய்ந்தது. இழிசொல்லைவிட ‘எஸ்டேட்’ என்ற சொல்தான் எனக்குள் இறங்கியது. அது வசையாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் எஸ்டேட்டில் பிறந்தவன்; என் சான்றிதழில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘லாடாங்’ என்று, மலாயில் எஸ்டேட் என்று, தெளிவாக அச்சிட்டிருக்கிறது. எங்கே பிறந்தாய் என்ற கேள்வியை யாரைக் கண்டாலும் எடுத்து வீசுகிற வழக்கம் இருக்கிற நாட்டில், ஓர் அர்ஜென்டினாக்காரனைப் பார்த்து நானும் அதே கல்லை எடுத்துவிட்டால், அது நாளைக்கு யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகவே என் கோபத்தை அளந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அவன் வெளியே பிறந்தான் என்பதில் எனக்குக் குறை இல்லை. இங்கே பிறந்தவர்களுக்குக் கிடைக்காத ஒரு காகிதம் அவனுக்கு இவ்வளவு விரைவாகக் கிடைத்ததில் குறை இருக்கிறது. இந்த இரண்டையும் கடையில் ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை, முயன்றேன், “நீ யார் பக்கம்ணே?” என்று கேட்டான் ஒரு தம்பி.

யார் பக்கம் என்று கேட்டால் ஆறுமுகம் பக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. கோல்காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழு அவருடையது. சந்தோக் சிங் ஒரு கோல், ஜேம்ஸ் வோங் ஒரு கோல். ஒரு தமிழன், ஒரு சீக்கியன், ஒரு சபாச் சீனன் என்று எங்கள் தலைமுறை அந்த ஆட்டத்தைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு அலைந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததால் அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, குழு போகவில்லை. உள்ளூரில் பிறந்து, உள்ளூர்த் திடலில் ஆடி, சொந்தக் காலால் தகுதி பெற்றவர்களை வீட்டில் உட்காரவைத்த நாடு, நாற்பத்தைந்து வருடம் கழித்து ஊர் ஊராகத் தாத்தா பாட்டிகளைத் தேடியது. இடையில் 2010-ல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசியக் கோப்பையை முதன்முறையாக வாங்கித் தந்தார். அதிலும் ஒரு கறை: புக்கிட் ஜாலிலில் இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் முகத்தில் நம் ரசிகர்கள் லேசர் அடித்தார்கள், ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது, தொடர்ந்தபோது 3-0. அந்த வெற்றியையும் நான் கொண்டாடினேன். லேசரைப் பற்றி இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன், பச்சைப் புள்ளி ஒன்று என் சட்டையில் விழுந்த மாதிரி இருக்கிறது.

காற்பந்தில் மட்டுமல்ல, ஓட்டத்திலும் எங்களுக்குப் பெயர்கள் உண்டு. மலையடிவாரத்தில் தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1964-ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வாங்கினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த மணி ஜெகதீசன் 1968-ல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நாற்பத்தொன்பது வருடம் நின்றது. இந்தப் பெயர்களைச் சொன்னால் பழம்பெருமை பேசுவதாகப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எனக்கு இதில் பெருமையைவிடக் கணக்குதான் இருக்கிறது. தோட்டங்கள் இருந்தவரை திடல்கள் இருந்தன. எங்கள் தோட்டத்துத் திடல் மலையை வெட்டிச் செய்தது, மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பந்து கீழே போனால் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளில் சிராய்த்துக்கொண்டு இறங்கி எடுக்க வேண்டும். அதனாலேயே எங்கள் பையன்கள் எல்லோரும் தரையோடு பந்தடிப்பதில் கெட்டிக்காரர்கள். மாலை நான்கு மணிக்கு ஆலையிலிருந்து வாடின இலையின் வாசனை வரும், பந்து மஞ்சில் மறையும், குரலை வைத்துத்தான் பாஸ் கொடுப்போம். அப்புறம் ஆட்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிப் போனார்கள், லயங்கள் காலியாயின. வெறும் கையால் பறித்த கொழுந்தை இப்போது இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வெட்டுகிறது. திடல் இன்னும் இருக்கிறது, ஒரு மூலையில் உரமூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரு காற்பந்துச் சங்கம் கடல் கடந்து போய்க் கிழவர்களின் பிறந்த ஊரை மாற்றி எழுதுவதற்கு முன்னால், சிம்பாங் பூலாய் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஏறி வந்து இந்த மாதிரி ஒரு திடலில் உரமூட்டையை நகர்த்தியிருக்கலாம். இது ரசிகனின் அபிப்பிராயம்தான். ஆட்டக்காரர்களை உருவாக்குவது அவ்வளவு சுலபமில்லை என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் திடலுக்குப் போனேன். இப்போது அங்கே ஆடுகிறவர்கள் தேயிலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள். ஒரு பாதியில் கிரிக்கெட், மறு பாதியில் காற்பந்து. பந்துகள் எல்லை தாண்டும்போது சின்னச் சண்டை. ஜூன் 10 இரவு என் தேநீரைத் தொடையில் வாங்கியவர் கோல் கம்பத்தின் அருகே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சூடு பட்ட மாதிரி நடித்துச் சிரித்தார். பேச்சுவாக்கில் எத்தனை வருடமாக இங்கே என்று மலாயில் கேட்டேன். பதினொன்று என்றார். ஒவ்வொரு வருடமும் பெர்மிட் புதுப்பிக்கும் கதையைச் சொன்னார், ஏஜெண்டுக்குப் போகும் பணத்தைச் சொன்னார். ஆசியக் கோப்பை விவகாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதற்குள் பந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினார். மேலே இருந்தவர்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான்கு மொழியில் வழி சொன்னார்கள். மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் செடிகள் அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தபடி, அவர் எந்த இடத்தில் ஏறி வருவார் என்று நின்றுகொண்டிருந்தோம்.